எவல்யூஷன்: ஒரு சொல்லின் வரலாறு

வளர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். குரோத், டெவலப்மென்ட், புரோகிரஸ், எவல்யூஷன் எனப் பல நினைவுக்கு வரும். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு ஈடாக மற்றொன்று தரப்பட்டிருக்கும். ஆயினும் இவை ஒரே வேரில் முளைத்தவை அல்ல.

பயிர் வளர்வது குரோத். பச்சையைக் குறிக்கும் கிரீன், புல்லைக் குறிக்கும் கிராஸ் ஆகிய சொற்கள் இதன் உடன்பிறப்புகள். புரோகிரஸ் என்றால் முன்னோக்கி அடியெடுத்து வைத்தல். டெவலப் என்றால் பொதிந்திருப்பதைப் பிரித்தல். கேமரா பிலிமில் ஒளி பட்டதும் அதில் உருவம் பதிந்துவிடுகிறது; ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களை டெவலப்பர் கரைசல் வெள்ளியாக மாற்றும்போதுதான் அது வெளிப்படுகிறது. மறைந்திருந்தது வெளிப்படுவதால் அதனை 'பிலிமை டெவலப் செய்தல்' என்றனர்.

எஞ்சியிருப்பது எவல்யூஷன். இதன் கதைதான் விந்தையானது.

சுருளிலிருந்து கருவுக்கு

இலத்தீன் மொழியில் இச்சொல்லின் நேர்ப்பொருள் 'சுருட்டியதை விரித்தல்' என்பதாகும். பண்டைய ரோமானியரின் நூல்கள் பாப்பிரஸ் சுருள்களாக இருந்தன. சுருளை விரித்துப் படிப்பதே எவல்யூஷன். அடுத்து வரும் வரிகள் முன்பே எழுதப்பட்டவை. விரித்தால் தெரியும், அவ்வளவே.

பின்னர் இச்சொல் உயிரியலுக்குள் நுழைந்தது. கருவில் குழந்தை எவ்வாறு உருவாகிறது என்பது அன்றைய பெரிய கேள்வி. முழு உயிரும் மிக நுண்ணிய வடிவில் கருவினுள் முன்பே மடிந்து கிடக்கிறது, அது விரிந்து பெரிதாவதே வளர்ச்சி என்று பலர் நம்பினர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆல்பிரெக்ட் பான் ஹாலர் 1744-ல் இக்கருத்துக்கு எவல்யூஷன் என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1759-ல் காஸ்பர் பிரெடரிக் உல்ப் கோழிக் கருவை ஆராய்ந்து, உறுப்புகள் முன்பே இருப்பவை அல்ல, படிப்படியாகப் புதிதாகத் தோன்றுபவை என எடுத்துக்காட்டினார். பழைய கொள்கை மெல்ல மெல்ல வலுவிழந்தது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

டார்வின் ஏன் தயங்கினார்?

1859-ல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. அதன் முதற்பதிப்பில் எவல்யூஷன் என்ற சொல் இல்லை என்றால் நம்புவீர்களா? அதன் வினை வடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. 'மாற்றத்துடன் கூடிய வழிவழி வருகை' என்ற தொடரையே அவர் கையாண்டார்.

காரணம் யாதாக இருக்கலாம்? முன்பே எழுதிய சுருள் விரிகிறது என்பது அவர் கருத்துக்கு நேர் எதிரானது. ஓர் இனத்தில் சிற்சில வேறுபாடுகள் தோன்றுகின்றன, சூழலுக்கு ஏற்றவை நிலைக்கின்றன, ஏற்காதவை மறைகின்றன. இதில் முன்கூட்டிய திட்டமும் இல்லை, சென்றடைய வேண்டிய உச்சியும் இல்லை. உயிர்களை 'உயர்ந்தது, தாழ்ந்தது' என்று ஒருபோதும் சொல்லாதே என அவர் தமக்கே ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார்.

ஆனால் மக்களிடையே சொல்லைப் பரப்பியவர் வேறொருவர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர், 1862-ல் வெளியிட்ட நூலில் விண்மீன் முதல் சமுதாயம் வரை அனைத்தும் எளிமையிலிருந்து சிக்கலை நோக்கி முன்னேறுகின்றன என்றும், அதுவே எவல்யூஷன் என்றும் விளக்கினார். முன்னேற்றத்தில் பெருநம்பிக்கை கொண்டிருந்த அக்காலத்துக்கு இது பிடித்துப்போயிற்று. இறுதியில் டார்வினும் இணங்கினார். அவருடைய 1871-ஆம் ஆண்டு நூலிலும், 'தோற்றம்' நூலின் 1872-ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பிலும் இச்சொல் இடம்பெற்றது.

சொல்லோடு வந்த பிழை

சொல்லுடன் 'முன்னேற்றம்' என்ற நிழலும் ஒட்டிக்கொண்டது. "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?" என்ற கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உயிர்கள் ஏணிப்படியில் ஏறுவதாக எண்ணுவதால் எழும் கேள்வி இது. உண்மையில் மனிதனும் சிம்பன்சியும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து கிளைத்தவர்கள். அது மரமே தவிர ஏணி அன்று. மெக்சிகோவின் இருட்குகைகளில் வாழும் ஒருவகை மீன் கண்ணை இழந்தது. நாடாப்புழு குடலை இழந்தது. இவையும் எவல்யூஷனே! இதனை மறந்து, சில மனிதக் கூட்டத்தார் 'முன்னேறியவர்', பிறர் 'பின்தங்கியவர்' என்று கூறி அடிமைப்படுத்தலுக்கு நியாயம் தேடியோரும் உண்டு. ஒரு சொல்லைப் பிழையாகக் கொள்வதன் விளைவு அவ்வளவு தூரம் போகும்.

தமிழில்

தமிழில் இதற்குப் பல பெயர்கள். 'பரிணாமம்' என்ற வடசொல்லுக்கு மாற்றம் என்பது பொருள். பால் தயிராவதைப் பழைய தத்துவ நூலார் இதற்குச் சான்று காட்டுவர். இலங்கைப் பாடநூல்களில் வழங்குவது 'கூர்ப்பு'. தொல்காப்பியத்திலேயே உள்ள இச்சொல், இருப்பது மிகுதலைக் குறிக்கும். 'படிமலர்ச்சி' என்போரும் உளர். மொட்டு விரிவதை நினைவூட்டும் இது, இலத்தீன் மூலத்துக்கு மிக நெருங்கியது. மொட்டுக்குள் மலர் முன்பே இருக்கிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. மூன்றில் 'மாற்றம்' என்று மட்டும் கூறி நிற்கும் பரிணாமமே டார்வினின் கருத்துக்கு அண்மையானது எனலாம். நீங்கள் எச்சொல்லை ஆண்டாலும், ஏணியை விடுத்து மரத்தை மனத்தில் கொள்ளுங்கள்.