ஒதெல்லோவின் இரண்டு விசாரணைகள்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நம் பிள்ளைகள், ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ பாடமாக வரும் ஆண்டில் நம்மிடம் ஒரு கேள்வியோடு வருவதுண்டு: “ஒதெல்லோ முஸ்லிமா?” மனைவியைச் சந்தேகித்துக் கொன்ற அந்தக் கறுப்புத் தளபதியை ‘மூர்’ என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம், மற்றவர்களின் பார்வை தங்கள் பக்கம் திரும்புவதாக அவர்கள் உணர்கிறார்கள். அவர்களின் கேள்வி நியாயமானதே.

நாடகத்தின்படி ஒதெல்லோ ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். வெனிஸ் குடியரசின் படைத்தலைவன். தற்கொலை செய்துகொள்ளும் தருணத்தில்கூட, ஹலப் என்னும் அலெப்போ நகரில் தலைப்பாகை அணிந்த துருக்கன் ஒருவனை வெனிஸுக்காகக் கொன்றதையே அவன் நினைவுகூர்கிறான். ஆயினும் நாடகம் முழுவதும் அவனைப் பெயர் சொல்லி அழைப்போர் குறைவு. ‘மூர்’ என்போரே அதிகம். அக்கால ஐரோப்பியர் அச்சொல்லை முஸ்லிமுக்கும் வைத்தனர், கறுத்த மேனியருக்கும் வைத்தனர். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்கள் சிரமப்படவில்லை. போர்த்துக்கீசியர் அதே சொல்லை நம் கடற்கரைகளுக்கும் கொண்டுவந்து, இங்கிருந்த முஸ்லிம்களை அப்பெயரால் குறித்தனர். தமிழில் சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள், அந்நாட்டு அரசின் ஆங்கிலப் பதிவேடுகளில் இன்றும் ‘மூர்’களே. மொராக்கோவைக் கண்ணால் காணாத மக்களுக்கு மாலுமிகள் இட்டுச் சென்ற பெயர் இது!

இந்த நாடகம் 1604 நவம்பர் 1 அன்று லண்டனில் அரசர் ஜேம்ஸின் அரண்மனையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு உள்ளது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1600 ஆகஸ்டில், மொராக்கோ சுல்தான் அஹ்மத் அல்-மன்சூரின் தூதர் அப்துல் வாஹித் அல்-அன்னூரி லண்டனுக்கு வந்து ஏறத்தாழ ஆறு மாதம் தங்கியிருந்தார். ஸ்பெயினை இருவரும் சேர்ந்து எதிர்க்கலாம் என்பதே அவர் அரசி எலிசபெத்திடம் கொண்டுவந்த பேச்சு. வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் இடையில் வாளுமாக அவரை வரைந்த ஓவியம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஷேக்ஸ்பியர் அவரைப் பார்த்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் லண்டன் நகரம் அவரைப் பார்த்தது. வியப்பு என்னவெனில், அதே குளிர்காலத்தில், 1601 ஜனவரியில், அதே அரசியின் பெயரில் எழுதப்பட்ட ஆணை வரைவு ஒன்று, நாட்டிலுள்ள கறுப்பு மக்களை வெளியேற்றுவது பற்றிப் பேசுகிறது. போருக்குப் பயன்படும் மூருக்கு விருந்து, ஏழை மூருக்கு வெளியேற்றம். ஒதெல்லோவின் நிலையை அறிய இந்த ஒரு குளிர்காலமே போதும்.

கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனை அன்று. 1565-இல் வெளிவந்த சிந்தியோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. மூல நூலில் தளபதி சைப்ரஸுக்குப் போவது வழக்கமான படை மாற்றத்திற்காக. துருக்கியக் கடற்படையின் அச்சுறுத்தலைச் சேர்த்தவர் ஷேக்ஸ்பியரே. அந்தச் சேர்க்கையில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது என்பது நம் கருத்து.

சைப்ரஸ், நம் நூல்கள் குப்ருஸ் என்று குறிக்கும் தீவு. முஆவியா (ரழி) அவர்கள் காலத்துக் கடற்படையெடுப்பில் சென்று, வாகனத்திலிருந்து விழுந்து மறைந்த உம்மு ஹராம் (ரழி) அவர்களின் அடக்கத்தலம் அங்கே லார்னகாவின் உப்பேரிக் கரையில் இருப்பதாகப் போற்றப்படுகிறது. 1489 முதல் அத்தீவு வெனிஸின் கையில் இருந்தது. 1570-இல் உஸ்மானியப் படை இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நிக்கோசியாவும், 1571 ஆகஸ்டில் ஃபமகுஸ்தாவும் வீழ்ந்தன. நாடகத்திலோ துருக்கியக் கப்பல்களைப் புயலே சிதறடித்துவிடுகிறது. தீவு பறிபோய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதை லண்டன் மக்கள் அறிந்தே இதைப் பார்த்தனர்.

முதல் அங்கத்தின் இரவுக் காட்சியை நம் பிள்ளைகள் நிதானமாகப் படிக்க வேண்டும். வெனிஸ் ஆட்சி மன்றம் கூடியிருக்கிறது. துருக்கியக் கப்பல்கள் 107 என்கிறது ஒரு கடிதம். 140 என்கிறது இன்னொன்று. 200 என்கிறது மூன்றாவது. எண்கள் முரண்பட்டாலும் செய்தியின் சாரத்தை எடைபோடுகிறார்கள். படை ரோட்ஸ் தீவை நோக்கிச் செல்கிறது என்ற புதுத் தகவல் வந்ததும், அது கண்கட்டு வித்தை என்று ஒருவர் காரணங்களோடு மறுக்கிறார். பின்னர் வரும் செய்தி அவர் சொன்னதையே மெய்ப்பிக்கிறது.

அந்த மன்றத்தில்தான் செல்வந்தர் பிரபான்சியோ, மந்திரத்தால் தன் மகள் டெஸ்டிமோனாவை மயக்கி மணந்துகொண்டதாக ஒதெல்லோமீது குற்றம் சாட்டுகிறார். வெள்ளை நிறப் பெண் கறுத்தவனை விரும்புவது இயற்கைக்கு மாறானது என்பதே அவருடைய முழு ஆதாரம். அது வெறும் ஐயம், சான்று அன்று என்கிறார் மன்றத் தலைவர். ஒதெல்லோவின் வேண்டுகோள் ஒன்றே: அந்தப் பெண்ணை அழைத்து அவள் வாயால் கேளுங்கள். டெஸ்டிமோனா வருகிறாள்; தந்தைக்கும் கணவனுக்கும் தான் கடமைப்பட்ட விதத்தைத் தெளிவாகச் சொல்கிறாள். வழக்கு முடிகிறது. எதிரி வாசலில் நிற்கும்போது தளபதி தேவைப்பட்டான் என்பதும் இதற்குக் காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் விசாரணை நடந்தது. ஒரு பெண்ணின் சாட்சியம் மூரைக் காத்தது.

பிறகு சைப்ரஸ். போர் இல்லாத போர்ப்பாசறை. ஆட்சி மன்றம் கடலுக்கு அப்பால். பிரபான்சியோ பேசிய அதே பேச்சை இங்கே இயாகோ நண்பனைப்போல் காதருகே பேசுகிறான்: தன் நாட்டையும் நிறத்தையும் சேர்ந்தவர்களை விட்டு உன்னைத் தேர்ந்தது இயல்பா? எங்கள் ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அந்நியன் என்ற அந்த இடத்தில்தான் ஒதெல்லோ உடைகிறான். தன் கறுப்பு நிறமே காரணமோ என்று தானாகவே சொல்லத் தொடங்குகிறான். ஆதாரமாகக் கிடைத்தவை காசியோ தூக்கத்தில் உளறியதாக ஒரு கதையும், ஒரு கைக்குட்டையும். பணிப்பெண் எமிலியாவை ஒருமுறை கேட்கிறான். எஜமானி குற்றமற்றவள் என்று அவள் உறுதியாகச் சொன்னதைத் தள்ளிவிடுகிறான்.

ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி என்ற சூரா அந்-நூரின் சட்டத்தை மதரஸாவில் நடத்தும்போது, இயாகோ நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இறுதி இரவில் டெஸ்டிமோனா கேட்பது, முதல் அங்கத்தில் ஒதெல்லோ கேட்டதையே: காசியோவை வரவழைத்து அவரிடம் கேளுங்கள். அவன் வாய் அடைக்கப்பட்டுவிட்டது என்கிறான் கணவன். கொல்ல ஆள் ஏவியாயிற்று என்று பொருள். தனக்குக் கிடைத்த விசாரணையை அவன் மனைவிக்குத் தரவில்லை.

மூரின் இரத்தம் அப்படி என்று விளக்கும் உரையாசிரியர்களுக்கு நாடகமே மறுப்பு வைத்திருக்கிறது. அதே அறையில் இன்னொரு கணவனும் தன் மனைவியைக் கொல்கிறான். அவன் மூர் அல்லன்; எல்லோராலும் நேர்மையானவன் என்று புகழப்பட்ட இயாகோ.

அன்றைய மேடையில் மூரும் இல்லை, பெண்ணும் இல்லை. முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகரும், பெண் உடை தரித்த சிறுவனும்தான். லண்டன் அரங்கில் தொழில்முறை நடிகை ஒருவர் முதன்முதலாகத் தோன்றியது 1660 டிசம்பரில், டெஸ்டிமோனா வேடத்தில் என்று நாடக வரலாற்றாசிரியர் குறிப்பர். கோவென்ட் கார்டன் அரங்கில் கறுப்பு நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் ஒதெல்லோவாக நின்றதோ 1833-இல்.

எமிலியாவின் முடிவைச் சொல்லாமல் விடலாகாது. கைக்குட்டையைக் கண்டெடுத்துத் தன் கணவனிடம் கொடுத்தவள் அவளே. வீட்டுக்குப் போ என்று அவன் அதட்டுகிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது முடியாது என்று எல்லோர் முன்னிலையிலும் கூறி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறாள். கத்தி அவள்மேல் பாய்கிறது. தன்னை எஜமானியின் பக்கத்தில் கிடத்துமாறு கேட்டுவிட்டு, அங்கே கிடந்தபடியே அந்தப் பெண் குற்றமற்றவள் என்று மூரிடம் மறுபடியும் சொல்கிறாள்.