இருபது ஓவர் களத்தில் இந்திய அணி

2006 டிசம்பர் 1 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இந்திய அணி தன் முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தை ஆடியது. எதிரணி தென்னாப்பிரிக்கா, இந்தியாவின் தலைவர் சேவாக். சச்சின் டெண்டுல்கர் இந்தியாவுக்காக ஆடிய ஒரே இருபது ஓவர் ஆட்டமும் அதுதான். 127 ரன் இலக்கை இந்தியா நான்கு விக்கெட் இழப்புக்கு எட்டியது. ஆட்டமிழக்காமல் 31 ரன் எடுத்த சென்னை வீரர் தினேஷ் கார்த்திக் ஆட்ட நாயகன்.

இந்தியா இருபது ஓவர் வடிவத்துக்கு வந்ததே தாமதமாகத்தான். இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் 2003இலேயே இருபது ஓவர் கோப்பையைத் தொடங்கிவிட்டன. 2005 பிப்ரவரியில் ஆக்லாந்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடவருக்கான முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடின. ஒருநாள் ஆட்டம் கொட்டிக்கொடுத்த தொலைக்காட்சி வருமானத்துக்குப் பங்கம் வருமோ என்ற கவலையில் இந்திய கிரிக்கெட் வாரியம் ஒதுங்கியே நின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொழுது சாய்வதற்குள் எட்டு ஓவரிலோ பத்து ஓவரிலோ டென்னிஸ் பந்து ஆட்டத்தை முடித்துக்கொள்வது பண்ருட்டிப் பக்கத்துத் திடல்களிலும் நெய்வேலி நகரியத்து வட்டங்களிலும் எப்போதோ பழகிப்போன கணக்கு. வாரியத்துக்குத்தான் அது புதிதாக இருந்தது. மாநில அணிகளுக்கான இருபது ஓவர் போட்டியும் 2006-07 பருவத்தில்தான் தொடங்கியது. அதன் முதல் கோப்பையைத் தமிழ்நாடு வென்றது.

2007 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பை. சச்சின், கங்குலி, டிராவிட் மூவரும் விலகிக்கொள்ள, தோனியிடம் ஓர் இளைய அணி ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த ஒருநாள் உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய நாடு என்பதால், இந்த அணியிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஸ்காட்லாந்துடனான முதல் ஆட்டத்தை மழை கொண்டுபோனது. பாகிஸ்தானுடனான அடுத்த ஆட்டம் 141 ரன்னில் சமனாக, யாருமில்லாத ஸ்டம்பைக் குறிபார்த்துப் பந்து வீசி முடிவு காண வேண்டியிருந்தது. சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் ஸ்டம்பைச் சாய்த்தனர். பாகிஸ்தான் தரப்பில் வீசிய மூவருமே தவறவிட்டனர். பிறகு நியூசிலாந்திடம் தோல்வி. இனி ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்ற நிலையில் டர்பனில் இங்கிலாந்தைச் சந்தித்தபோது, ஸ்டூவர்ட் பிராடின் ஒரே ஓவரில் யுவராஜ் சிங் ஆறு சிக்ஸர் அடித்தார். 12 பந்தில் அரைசதம். மறுநாள் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ரோகித் சர்மா அரைசதம் அடித்தார். ஸ்லிப்பில் பாய்ந்து கிரேம் ஸ்மித்தின் கேட்சைப் பிடித்தார் தினேஷ் கார்த்திக். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் வீழ்ந்தது.

செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க், மீண்டும் பாகிஸ்தான். கம்பீரின் 75 ரன்னால் இந்தியா 157 எடுத்தது. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. கையில் இருந்தது ஒரே விக்கெட். அனுபவசாலி ஹர்பஜனை விட்டுவிட்டுப் பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார் தோனி. ஒரு சிக்ஸர் அடித்த மிஸ்பா, அடுத்த பந்தைப் பின்பக்கம் தூக்கிவிடப் பார்த்து ஸ்ரீசாந்த் கையில் சிக்கினார். ஐந்து ரன் வெற்றி. தயங்கித் தயங்கி உள்ளே வந்த நாடு முதல் கோப்பையைத் தூக்கியது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, 2008 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கிவிட்டது.

உலகின் பெரிய இருபது ஓவர் லீக்கை வைத்திருக்கும் நாடு இனி அசைக்க முடியாததாகிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. 2009இல் இங்கிலாந்திலும் 2010இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் சூப்பர் 8 சுற்றின் மூன்று ஆட்டங்களையும் இந்தியா தோற்றது. 2010இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சுரேஷ் ரெய்னா அடித்த 101, இந்த வடிவத்தில் இந்தியரின் முதல் சதம் என்பது மட்டுமே மிச்சம். பார்படோஸின் எகிறும் பந்துகளுக்கு முன் மற்றவர்களைப் போலவே முரளி விஜயும் திணறினார்.

2012இல் இலங்கையில் நடந்தது வேறு வகை ஏமாற்றம். சூப்பர் 8 சுற்றில் இந்தியா மூன்றில் இரண்டை வென்றும் நிகர ரன் விகிதத்தில் பின்தங்கி வெளியேறியது. பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று விக்கெட் எடுத்தவர் லட்சுமிபதி பாலாஜி. கொழும்பில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கடைசி ஓவரையும் அவரே வீசினார். இரண்டு சிக்ஸர் வாங்கினார், இரண்டு விக்கெட்டும் எடுத்தார், ஒரு ரன்னில் வெற்றி. ஆனால் அரையிறுதிக்குப் போகத் தேவையான வித்தியாசம் கைநழுவி வெகுநேரம் ஆகியிருந்தது.

2014இல் வங்கதேசத்தில் இறுதி ஆட்டம் வரை இந்தியா ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்தத் தொடரில் அஸ்வினின் வீச்சைத் தனியே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 11 ரன்னுக்கு 4 விக்கெட். அரையிறுதியில் ஆம்லாவின் ஸ்டம்பைச் சாய்த்த கேரம் பந்து இன்றும் பேசப்படுகிறது. தெருக் கிரிக்கெட்டில் விரலால் சுண்டிவிடும் வித்தையை உலகக் கோப்பை வரை கொண்டுபோனவர் அவர். இறுதியில் கோலி 77 ரன் எடுத்தும், யுவராஜ் 21 பந்தில் 11 ரன்னே எடுத்துத் தடுமாற, இந்தியா 130இல் நின்றது. இலங்கை ஆறு விக்கெட்டில் வென்று, சங்கக்காராவையும் ஜெயவர்தனாவையும் கோப்பையோடு வழியனுப்பியது.

2016இல் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. நாக்பூரில் சுழலுக்கென்றே அமைந்த தளத்தில், நியூசிலாந்தின் சான்ட்னரும் சோதியும் இந்தியாவை 79 ரன்னில் சுருட்டினார்கள். வங்கதேசத்தை ஒரு ரன்னில் வென்று, மொகாலியில் கோலியின் 82 ரன்னால் ஆஸ்திரேலியாவைத் தாண்டி, மும்பை அரையிறுதிக்கு வந்தது இந்தியா. அங்கே 192 ரன் எடுத்தும் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோல்வி. சிம்மன்ஸ் 18 ரன்னில் கேட்ச் கொடுத்தபோது அஸ்வின் வீசியது நோ பால். 50 ரன்னில் மீண்டும் கொடுத்தபோது ஹர்திக் பாண்டியா வீசியதும் நோ பால். சிம்மன்ஸ் 82 ரன்னோடு கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார்.

அடுத்த உலகக் கோப்பைக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதாஹஸ் கோப்பை, சிறிய தொடர்தான் என்றாலும் தமிழ்நாட்டு ரசிகர்கள் மறக்காதது. வங்கதேசத்துக்கு எதிரான இறுதியில், 18ஆவது ஓவரில் முஸ்தபிசுரின் பந்துகளைத் தொடக்கூட முடியாமல் தவித்தார் விஜய் சங்கர். 12 பந்தில் 34 ரன் தேவை என்ற நிலையில் தினேஷ் கார்த்திக் வந்தார். ரூபெல் ஹொசைனின் ஓவரில் 22 ரன். கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் தேவைப்பட, கவர் திசைக்கு மேல் சிக்ஸர். 8 பந்தில் 29 ரன். எட்டு விக்கெட் எடுத்த வாஷிங்டன் சுந்தர் தொடர் நாயகன் ஆனார்.

2021இல் அமீரகத்தில் இந்தியா முதல்முறையாக உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்றது, அதுவும் பத்து விக்கெட் வித்தியாசத்தில். தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியே வெளிச்சத்துக்கு வந்த வருண் சக்கரவர்த்தி மூன்று ஆட்டத்தில் ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. 2022இல் மெல்போர்னில் அதே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலி 82 ரன் எடுத்தார். கடைசி ஓவரில் கார்த்திக் ஆட்டமிழக்க, ஒரு பந்தில் இரண்டு ரன் தேவை. வந்த பந்து காலுக்கு வெளியே போவதைக் கண்டு அசையாமல் விட்டு வைடு வாங்கிய அஸ்வின், அடுத்த பந்தை மிட் ஆஃப் மேல் தூக்கி ஆட்டத்தை முடித்தார். அந்த நிதானம் அரையிறுதியில் அணிக்கு உதவவில்லை. அடிலெய்டில் முதல் ஆறு ஓவரில் இந்தியா எடுத்தது 38 ரன், இங்கிலாந்து 63. ஒரு விக்கெட்டும் இழக்காமல் இங்கிலாந்து 170 எடுத்தது.

பதினைந்து ஆண்டுத் தோல்விகளில் பலவற்றுக்கும் ஒரே வேர் இருந்தது. விக்கெட்டைக் காத்துக்கொண்டு கடைசியில் விளாசலாம் என்ற ஒருநாள் ஆட்டத்துப் பழக்கத்தை இந்தியா விடவில்லை. அடிலெய்டுக்குப் பிறகே அது மாறியது. முதல் ஓவரிலிருந்தே அடிக்க வேண்டும் என்பதை ரோகித் சர்மா தானே செய்து காட்டினார். 2024இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த 92 ரன்னுக்கு 41 பந்தே ஆனது. ஜூன் 29 அன்று பார்படோஸ் இறுதியில் இந்தியா 176 எடுத்தது. கிளாசன் விளாசலில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும் என்ற கட்டத்திலிருந்து, பும்ராவும் அர்ஷ்தீப்பும் ஹர்திக்கும் ஆட்டத்தை மீட்டார்கள். எல்லைக் கோட்டில் சூர்யகுமார் மில்லரின் கேட்சைப் பிடித்தார். ஏழு ரன் வெற்றி. 2007 முதல் ஒன்பது உலகக் கோப்பையிலும் ஆடிய ரோகித், இரண்டு கோப்பையையும் கையில் ஏந்தினார். அந்த 15 பேர் அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவரும் இல்லை.

ஆசிய அளவில் கதை இன்னும் சுலபமாக ஓடியது. இருபது ஓவர் வடிவில் நடந்த ஆசியக் கோப்பைகளில் 2016இல் வெற்றி, 2022இல் இறுதிக்கே வரவில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், ஆப்கானிஸ்தானுடனான இறுதி மழையில் கைவிடப்பட, தரவரிசை அடிப்படையில் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. அங்கே வங்கதேசத்துக்கு எதிரான அரையிறுதியில் சாய் கிஷோர் 12 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். 2025 செப்டம்பர் 28 அன்று துபாயில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானின் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரையும் வீழ்த்தியவர், நான்கு ஆண்டுக்கு முன் அதே ஊரில் விக்கெட் இல்லாமல் திரும்பிய வருண் சக்கரவர்த்தி. திலக் வர்மாவின் 69 ரன்னால் இந்தியா ஐந்து விக்கெட்டில் வென்றது. ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவராக இருந்த மோசின் நக்வியின் கையால் கோப்பையைப் பெற அணி மறுத்துவிட்டதால், அன்றிரவு வெற்றி பெற்றவர்கள் கோப்பை இல்லாமலே கொண்டாடினார்கள்.