வேலியோடு நின்ற வைத்தியம்

சிலாங்கூரில் ஒருவருக்கு மருத்துவம் எவ்வளவு எட்டும் என்பதை, அவர் குடியிருந்த மண்ணின் சொந்தக்காரரே நெடுங்காலம் தீர்மானித்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, நகரத்து மலேரியாவை அடக்கினார். அதே ஆண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகமும் அப்படித்தான் தப்பியது. துறைமுகம் முடங்கினால் வணிகம் படுத்துவிடும் என்பதால் அரசாங்கம் செலவுக்கு அஞ்சவில்லை. தோட்டங்களோ தனியார் நிலம். அங்கே துரைமார்தான் செலவழிக்க வேண்டும். 1911இல் மலாய்க் கூட்டு மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் இறப்பு ஆயிரத்துக்கு 60ஐத் தாண்டியது. அறிவியலே அன்று முழுமையாக இல்லையே எனலாம். குன்றுத் தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் கூடியது உண்மை. வெயில்படும் தெளிந்த ஓடையில் பெருகும் வேறொரு கொசு அங்கே இருந்தது. ஆனால் கொய்னாவும் நல்ல தண்ணீரும் புதிய கண்டுபிடிப்புக்குக் காத்திருக்கவில்லை. தோட்டத்து நலத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் 1911, 1912இல்தான், அத்தனை சாவுக்குப் பிறகுதான், வந்தன.

மலாய்க் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, இல்லாத மருத்துவமனையும் டிரசர் என்ற மருத்துவ உதவியாளரும் தோட்டங்களுக்கு இருந்தார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் கம்பத்து மக்கள் இன்னும் மோசமாகக் கைவிடப்பட்டிருந்தார்கள். ஆனால் டிரசருக்குச் சம்பளம் தந்தது தோட்டம். காய்ச்சல்காரர் வேலைக்குப் போகலாமா, படுக்கலாமா என்று சொன்னவரும் அவரே. பின்னர், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் செர்டாங் பாரு, இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான், சீனர்களின் புதுக்கிராமமாக எழுந்தபோது, இத்தகைய கிராமங்களுக்குச் செஞ்சிலுவைத் தாதியர் அனுப்பப்பட்டனர். கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களின் மனத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்தில் மருந்துக்கும் இடமிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கக் கிராமக் கிளினிக்குகள் பெருகி, கம்பத்தின் பழைய குறை பெருமளவு தீர்ந்தது. தோட்டத்தை மட்டும் முதலாளியின் பொறுப்பென்று ஒதுக்கிவிட்டார்கள். என் பார்வையில், அந்தக் காலத்தின் பெரிய தவறு அதுதான். ஒரு குடிமகனின் உடல்நலத்தைக் கம்பெனியின் நிலப்பட்டாவோடு கட்டிப்போட்டால், பட்டா கைமாறும் நாளில் நலமும் போய்விடும்.

அப்படியே நடந்தது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயாவானது. தொழிலாளர் குடியிருந்த லயத்தோடு டிரசரும் போனார். இப்போது செர்டாங்கில் பெரிய அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். இனி என்ன குறை என்பவர்கள், அந்த ஒரு ரிங்கிட்டுக்கு முன் அடையாள அட்டையை நீட்ட வேண்டும் என்பதை மறக்கிறார்கள். பிறப்புப் பத்திரமின்றித் தோட்டங்களில் வளர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே வெளிநாட்டவர் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருக்கிறது.