ஸ்காபரோ பிளாசாக்களின் பெயர்ப்பலகைகள்

1959ஆம் ஆண்டு கோடையில் கனடாவுக்கு வந்த எலிசபெத் அரசியார், டொரன்டோவின் கிழக்குப் புறநகரான ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியைப் பார்க்கப் போனார். எக்ளிண்டன் வீதியில், கார் நிறுத்தும் பெரிய வெளிக்குப் பின்னால் ஒற்றை மாடியாக நீண்டு கிடந்த கோல்டன் மைல் பிளாசாதான் அது. திறந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. நாட்டின் வளர்ச்சியை அரசிக்குக் காட்ட வேண்டுமென்றால் அன்றைக்குக் காட்டத்தக்க பொருள்களில் அதுவும் ஒன்று.

இன்று அப்படியொரு பிளாசாவை யாரும் விருந்தாளிக்குக் காட்டமாட்டார்கள். டொரன்டோக்காரர்கள் அதை அழகில்லாத இடத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் புறநகரின் எழுபது ஆண்டுச் சமூக வரலாறு வேறெந்த இடத்தையும்விட அங்கேதான் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. வீதியோரத்தில் உயர்ந்து நிற்கும் கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகிய பெயர்ப்பலகைகள்தான் அந்தப் பதிவேடு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்காபரோ பெரும்பாலும் வயல். 1941இல் அந்த வயல் நடுவே ஜெகோ என்ற வெடிமருந்துத் தொழிற்சாலை முளைத்தது. குண்டுகளை வெடிக்கச் செய்யும் திரிகளில் மருந்து நிரப்பும் அந்த வேலையில் போர் முடியும்வரை 20,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். போருக்குப் பிறகு அந்த நிலமும் சுற்றுவட்டாரமும் தொழிற்பேட்டையாகி, ஃபிரிஜிடேர், இங்லிஸ், தெர்மோஸ் போன்ற நிறுவனங்கள் வந்தன. கோல்டன் மைல் என்ற பெயர் அந்தத் தொழிற்சாலை வரிசைக்கு வைத்தது. தொழிற்சாலை வந்தால் தொழிலாளி வருவான், தொழிலாளிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு அரிசி பருப்பு வேண்டும். அவர்கள் விஷயத்தில் ரொட்டியும் பாலும். 1951இல் சுமார் 56,000 பேர் இருந்த ஸ்காபரோவில் 1961இல் 2,17,000 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த அவசரத்தில் கடைத்தெரு மெல்ல மெல்ல ஊறி வளர நேரம் இல்லை. முதலாளி ஒருவர் நிலத்தை வாங்கி, ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து கடைகளைக் கட்டி, வாடகைக்கு விட்டார். டொரன்டோவில் எல்லோரும் அதைப் பிளாசா என்றே அழைத்தார்கள்.

கட்டுமானம் மிக எளிது. சீமெந்துக்கல் சுவர், இரும்புச் சட்டத்தின் மேல் தட்டைக் கூரை, முன்னால் கண்ணாடி, பின்னால் லாரி வந்து சரக்கு இறக்க ஒரு சந்து. கடைக்கும் கடைக்கும் நடுவிலுள்ள தடுப்பு கூரையைத் தாங்குவதில்லை. வேண்டுமானால் இடித்து இரண்டு கடையை ஒன்றாக்கலாம், பெரிய கடையை மூன்றாக வெட்டலாம். கட்டியவர்கள் செலவைக் குறைக்கத்தான் இப்படிச் செய்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சிக்கனமே வசதியாக அமைந்தது.

முதல் தலைமுறைக் கடைகளின் பட்டியலை ஊகிப்பது கடினமில்லை. ஒரு முனையில் லொப்லாஸ் அல்லது டொமினியன் பலசரக்கு அங்காடி. மறுமுனையில் வங்கி. நடுவில் மருந்துக்கடை, முடிதிருத்தகம், சலவைக்கடை, செருப்புக்கடை, ஐந்து பத்துச் சதத்துக்குப் பொருள் விற்ற மலிவுக்கடை. சாப்பிட ஒரு சிற்றுண்டிச்சாலை. லோரன்ஸ் வீதியில் 1958இல் தொடங்கிய வெக்ஸ்ஃபோர்ட் உணவகம் அந்த வகையைச் சேர்ந்தது. முட்டையும் பன்றி இறைச்சியும் காலை உணவாகப் பரிமாறி, அக்கம்பக்கத்துக் கடைகள் பல தடவை கைமாறிய பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அப்படி நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

1973இல் ஸ்காபரோ டவுன் சென்டர் திறந்தது. ஈட்டன்ஸ், சிம்ப்சன்ஸ் என்று இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகள், கூரையின் கீழே நடை, பனிக்காலத்தில் கம்பளிக் கோட்டைக் கழற்றிவிட்டு உலாவலாம். துணி, செருப்பு, நகை வாங்குவோர் அங்கே போய்விட்டார்கள். பிளாசாவின் நல்ல வாடகைக்காரர்கள் பலருக்கு அதுவே முதல் அடி. அடுத்தடுத்த அடிகள் சங்கிலிக் கடைகளின் மரணங்களாக வந்தன. 1994இல் வூல்கோவின் 122 கடைகளை வால்மார்ட் வாங்கியது. பட்டியலைப் பார்த்துப் பொருள் கேட்டு வாங்கும் கன்ஸ்யூமர்ஸ் டிஸ்ட்ரிபியூட்டிங் 1996இல் மூடப்பட்டது. கேமார்ட்டை 1998இல் ஸெல்லர்ஸ் விழுங்கியது. அந்த ஸெல்லர்ஸின் கடைகளைக் குத்தகை மாற்றி 2013இல் கோலாகலமாக வந்த டார்கெட், இரண்டே ஆண்டில் 133 கடைகளையும் மூடிவிட்டு அமெரிக்கா திரும்பியது. வீடியோ வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர் 2011இல் கனடாவை விட்டுப் போனது. டவுன் சென்டரின் தூணாக இருந்த ஈட்டன்ஸே 1999இல் திவாலானது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பெரிய அங்காடி போன பிளாசாவில் இன்னொரு பலசரக்குக் கடை ஏன் உடனே வரவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தக் காகிதத்தில் பதில் இருக்கும். தான் இருக்கும் இடத்தில், சில வேளை தான் விட்டுப்போன பின்பும், வேறு பலசரக்குக் கடைக்கு இடம் தரக்கூடாது என்று பெரிய சங்கிலிகள் நில உரிமையாளரிடம் நிபந்தனை எழுதி வாங்குவது வழக்கம். 2024இல்தான் கனடாவின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு இந்த வழக்கத்தை விசாரிக்கத் தொடங்கியது. அத்தகைய நிபந்தனைகளால் பழைய அங்காடிகள் உடற்பயிற்சிக்கூடமாகவும் மலிவுக்கடையாகவும் சில இடங்களில் தேவாலயமாகவும் மாறின.

இதற்கிடையே வாசலில் வேறு ஆட்கள் நின்றார்கள். 1967இல் கனடா நிறத்தையும் நாட்டையும் பாராமல் புள்ளி முறையில் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஸ்காபரோவின் பெரிய வீதிகளில் கட்டிய அடுக்குமாடிகளில் அவர்கள் குடியேறினார்கள். பிளாசா காருக்காகக் கட்டியது. இவர்களில் பலருக்குக் கார் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, பனியில் பார்க்கிங்கைக் குறுக்கே கடந்து கடைக்குப் போனார்கள். வேலிக்கும் புல்லுக்கும் இடையே திட்ட வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப்பாதைகள் விழுந்தன.

எல்லோரும் வரவேற்கவில்லை. 1984இல் ஏஜின்கோர்ட்டில், முன்பு உருளைச்சறுக்கு அரங்காக இருந்த கட்டடத்தில் டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தது. கூட்டம் அலைமோதியது. உடனே அக்கம்பக்கத்தார் போக்குவரத்து நெரிசல், பார்க்கிங் தட்டுப்பாடு என்று புகார் சொல்லி, நூற்றுக்கணக்கில் பொதுக்கூட்டத்துக்குத் திரண்டார்கள். பேச்சு பார்க்கிங்கோடு நிற்கவில்லை; சீனர்களுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களும் சுற்றின. ஒரு புறநகரில் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய சண்டை பெரும்பாலும் வேறு எதையோ பற்றியது என்பதை ஸ்காபரோ அப்போதே பார்த்துவிட்டது.

தமிழர்கள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் முதலில் நகர மையத்தின் அடுக்குமாடிகளில் தங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்ட செய்தி கனடா முழுவதும் பரவியது. குடும்பங்கள் வந்து சேர, பிள்ளைகள் வளர, மெல்ல ஸ்காபரோ பக்கம் நகர்ந்தார்கள். வெறுமையாகக் கிடந்த பிளாசாக் கடைகளில் வாடகை குறைவு. மலிவு என்றாலும் இலவசமில்லை: வாடகைக்கு மேல் டி.எம்.ஐ. என்று கடைக்காரர்கள் சொல்லும் சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு தனி. பனி வழிக்கும் செலவும் அதில்தான் வரும். நட்டப்பட்ட பலர் வாடகையைக் கணக்குப் போட்டு, டி.எம்.ஐ.யை மறந்தவர்கள்.

பெயர்ப்பலகைகள் மாறிய வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் பலசரக்குக் கடை: கருவாடு, குத்தரிசி, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், உறைந்த முருங்கைக்காய். கூடவே தமிழ்ப்பட வீடியோ கேசட் வாடகைக்கு. பிறகு சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர், கார் ஓட்டப் பழக்குபவர். அகதிக் கோரிக்கையும் வேலையும் ஓடிய காலம். ஊரில் போர் நடந்துகொண்டிருக்கையில் காசு அனுப்பும் கடையும் தொலைபேசி அட்டையும் இல்லாத தமிழ் பிளாசா கிடையாது. அதற்குப் பின் நகைக்கடை, சேலைக்கடை, கல்யாண மண்டபம், வீடியோ எடுப்பவர். பிறகு வீடு விற்கும் முகவரும் அடமானக் கடன் வாங்கித் தருபவரும், கோட்டு அணிந்து சிரிக்கும் தம் முகத்தோடு. இப்போது பல் வைத்தியர், கணக்காளர், இயன்மருத்துவர் ஆகியோர். பலர் இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரு சமூகம் வந்து, வழக்காடி, காசனுப்பி, கட்டிக்கொடுத்து, வீடு வாங்கி, முதுமையடைந்த வரிசை அப்படியே கடைகளில் தெரிகிறது. வாசலில் இலவச வாரப் பத்திரிகைகள் அடுக்கிக் கிடக்கும். அவற்றிலும் பாதிக்கு மேல் இந்தக் கடைகளின் விளம்பரம்தான்.

எல்லாவற்றையும் தாண்டி நிலைத்தது டேக் அவுட். உட்கார மேசை இருந்தால் இரண்டோ மூன்றோ. இடியப்பம் எண்ணிக்கைக் கணக்கில், சம்பலும் சொதியும் சேர்த்து. கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டன் ரோல், பற்றிஸ், வடை. உள்ளே கொத்து ரொட்டி போடும் தகடுகளின் தாளம். இரவு வேலை முடிந்து வருபவர், கோவிலிலிருந்து வருபவர், பிறந்தநாளுக்கு நூறு ரோல் சொல்லிவைத்தவர் எல்லோரும் ஒரே வரிசையில். அமெரிக்கப் பொருளியலாளர் டைலர் கோவென் 2015இல் ஸ்காபரோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தான் கண்ட புறநகர்களில் குடியேறிகளின் உணவுக்கு இதற்கு ஈடில்லை என்று எழுதினார். குறைந்த வாடகையும் பக்கத்திலேயே குடியிருக்கும் சொந்தச் சமூகமும் இருந்தால் நல்ல உணவு கிடைக்கும் என்பது அவர் வாதம். ஸ்காபரோக்காரர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. ஆனாலும் வெளியாள் சொன்ன பிறகு பத்திரிகைகளில் மரியாதை கொஞ்சம் கூடியது.

படம் பார்க்கவும் பிளாசாதான். ஃபிஞ்சும் மக்கோவனும் சந்திக்கும் மூலையிலுள்ள உட்சைட் ஸ்கொயரில் தமிழ்ப்படம் ஓடும் திரையரங்கு இருக்கிறது.

பிளாசாவின் பாதிக்கு மேல் நிலம் பார்க்கிங். அந்த வெளியை மனிதருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று சிலர் 2019 கோடையில் லோரன்ஸ் வீதியின் வெக்ஸ்ஃபோர்ட் பிளாசாவில் முயன்று பார்த்தார்கள். சில கார்களின் இடத்தை எடுத்து, செடித்தொட்டியும் இருக்கையும் நிழலும் வைத்தார்கள். அருகிலிருந்த கடைகளில் உணவு வாங்கியவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்ன முயற்சி. ஆனால் கட்டடத்தை இடிக்காமலே பிளாசாவைத் திருத்தலாம் என்று காட்டியது. நகரத்தின் பெருந்திட்டங்களில் இந்த எண்ணத்துக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

பெருந்திட்டங்கள் போகும் திசை வேறு. அரசியார் பார்த்த பழைய கோல்டன் மைல் பிளாசா இன்று இல்லை. பக்கத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் வேன் தொழிற்சாலை 1993இல் மூடியது; அந்த நிலத்தில் பெரிய பெட்டிக் கடைகள் எழுந்தன. இப்போது அவற்றின் முறை. எக்ளிண்டன் வீதியில் இலகு ரயில் பாதை போடத் தொடங்கியதும் நிலத்தின் மதிப்பு கூரையின் மதிப்பை விழுங்கிவிட்டது. 2020இல் நகரசபை ஏற்ற கோல்டன் மைல் திட்டம் முப்பது மாடியைத் தாண்டும் கோபுரங்களுக்கு இடம் தருகிறது. டொரன்டோவின் முதல் பிளாசாக்களில் ஒன்றான சன்னிபுரூக் பிளாசா ஏற்கெனவே இடிபட்டு, அடுக்குமாடிக்கு இடம் விட்டுவிட்டது. வீடு இல்லாத நகரத்தில் வீடு கட்டாதே என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சட்டம் இரு வகை வாடகைக்காரரை இரு விதமாகப் பார்க்கிறது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் கொண்ட கட்டடத்தை இடித்தால், அதே அளவு வாடகை வீடு மீண்டும் கட்டித் தரவேண்டும் என்பது டொரன்டோவின் விதி. கடைக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இடிக்கும் நாள் வந்தால் இத்தனை மாத அறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்ற வரியைப் புதுக் குத்தகைகளில் சேர்த்துவிடுகிறார்கள். கோபுரத்தின் கீழ்த்தளக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் வங்கியும் மருந்துச் சங்கிலியும் காப்பிக்கடையும். புதுக் கட்டடத்து வாடகையை இடியப்பம் விற்றுக் கட்ட முடியாது. நாள் முழுக்கத் தாளிக்கும் சமையலறைக்கு வேண்டிய புகைப்போக்கியை முப்பது மாடி தாண்டிக் கொண்டுபோகச் சம்மதிக்கும் உரிமையாளரும் அரிது. எனவே கடைகள் இன்னும் கிழக்கே போகின்றன. பிக்கரிங், அஜாக்ஸ், விட்பி என்று நெடுஞ்சாலையோரம் நீளும் ஊர்களில், பழைய வாடகைக்காரர்கள் விட்டுப்போன பிளாசாக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அங்கேயும் முதலில் வருவது பலசரக்குக் கடையும் டேக் அவுட்டும். சட்டத்தரணியைக் காணோம், வீடு விற்பவர் மட்டும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்.