கங்கைக் கரையின் பருவ ஒழுக்கம் தெற்கே வந்த வழி

ஆடி பிறக்கும்போது பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் இரு வேறு வானிலை. மேற்கே கர்க்கடக மாதத்து மழை ஓடுகளைத் துளைப்பதுபோலக் கொட்டுகிறது. கிழக்கே திருப்பூரிலும் ஈரோட்டிலும் அதே நாளில் புழுதியோடு காற்று அடிக்கிறது. கர்க்கடகமும் ஆடியும் ஒரே ஞாயிற்று மாதத்தின் இரண்டு பெயர்கள்தாம். ஆயுர்வேத நூல்கள் இந்த மாதத்தை மழைக்காலத்தின் தொடக்கமாக வைத்து, என்ன உண்பது, எப்படிக் குளிப்பது, எந்தச் சிகிச்சையைச் செய்வது என்று விதிக்கின்றன. நூல் ஒன்று, மாதம் ஒன்று, வானம் மட்டும் இரண்டு. இந்த முரணை வைத்தியர்களும் குடும்பங்களும் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. ருதுசரியை என்ற பருவ ஒழுக்கம் தொடக்கம் முதலே நிலத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டு வந்த ஒரு முறை. அதை மாறாத அட்டவணையாக அச்சிட்டு எல்லா ஊருக்கும் வழங்குவது அந்த மரபுக்கே பொருந்தாது என்பது என் முடிவு.

கம்பில்யத்தின் வானம்

சரக சம்ஹிதையின் சூத்திரத்தானத்து ஆறாம் அத்தியாயம் ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஞாயிறு வடக்கே செல்லும் ஆறு மாதம் உயிர்களின் வலிமையை உறிஞ்சும் காலம். அதற்கு ஆதானம் என்று பெயர். தெற்கே செல்லும் ஆறு மாதம் வலிமையைத் திருப்பித் தரும் விசர்க்கம். சிசிரம், வசந்தம், கிரீஷ்மம் மூன்றும் முதல் பாதியில் வரும். வர்ஷம், சரத், ஹேமந்தம் மூன்றும் இரண்டாம் பாதியில் வரும். உடல் வலிமை பனிக்காலத்தில் உச்சத்தில் இருக்கும். கோடையிலும் மழையிலும் அது மிகத் தாழ்ந்துபோகும். ஆகவே பசித்தீ வலுத்திருக்கும் ஹேமந்தத்தில் நெய்யும் பாலும் இறைச்சியும் கொண்ட கனத்த உணவு, அது மங்கிய வர்ஷ காலத்தில் பழைய தானியமும் தேனும் காய்ச்சி ஆறிய நீரும் என்று விதி அமைகிறது. மழைக்காலத்தில் ஆற்று நீரையும் பகல் தூக்கத்தையும் அந்நூல் விலக்குகிறது. புதுவெள்ளம் வந்த ஆற்றில் குடிக்காதே என்ற எச்சரிக்கை நுண்ணுயிர் பற்றிய அறிவு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்டது. இன்று எந்தப் பொதுச் சுகாதார அலுவலரும் அதை அப்படியே வழிமொழிவார்.

இது எந்த நிலத்தின் ஆண்டு? விடை சரகத்திலேயே இருக்கிறது. ஊரையே அழிக்கும் கொள்ளைநோய் பற்றிப் பேசும் விமானத்தானத்து மூன்றாம் அத்தியாயத்தில், பாஞ்சால நாட்டுக் கம்பில்ய நகரின் அருகே, கங்கைக் கரையில், கோடையின் கடைசி மாதத்தில் புனர்வசு ஆத்ரேயர் தம் மாணவர் அக்னிவேசரோடு நடந்துகொண்டே பாடம் சொல்கிறார். காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் கெடுவதால்தான் ஊர் முழுதும் ஒரே நேரத்தில் நோயில் விழுகிறது என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம். அந்தக் கோடையும் அதைத் தொடரும் மழையும் வட இந்தியச் சமவெளிக்கு உரியவை. சரத்காலத்துக்குச் சரகம் காட்டும் படமும் அப்படியே. மழை ஓய்ந்து வானம் தெளிகிறது. பகலில் வெயில் காய்ச்சி, இரவில் நிலவு குளிர்வித்து, அகத்திய விண்மீனின் உதயத்தால் நஞ்சு நீங்கிய நீரை ஹம்சோதகம் என்று சொல்லிக் குடிக்கச் சொல்கிறது. மழையின் குளிர்ச்சிக்குப் பழகிய உடலில் திடீரென வெயில் படுவதால் பித்தம் சீறும். ஆகவே கசப்பு மருந்து சேர்த்த நெய், பேதி, குருதி வடித்தல். சரத்காலமான புரட்டாசி, ஐப்பசியின் இந்த வெயிலைச் சென்னையில் இருப்பவர் தேடிப் பார்த்தால் ஐப்பசியில் கிடைப்பது அடைமழை.

இரண்டு வகை ஆறு

நிலம் மாறினால் பருவமும் மாறும் என்பது பழைய ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று. சுசுருத சம்ஹிதை ஆறு பருவங்களை இரண்டு வகையாக எண்ணுகிறது. முதல் வகையில் சிசிரம் உண்டு. இரண்டாம் வகையில் சிசிரம் நீங்கி, மழைக்கு முன்மழையான பிராவிருட் என்ற பருவம் நுழைகிறது. உடலைச் சுத்தி செய்யும் சிகிச்சைகளுக்கு இந்த இரண்டாம் கணக்கே அடிப்படை. இதற்கு உரையாசிரியர்கள் காசியபர் பெயரில் ஒரு காரணத்தை எடுத்துக்காட்டுகிறார்கள்: கங்கைக்குத் தெற்கே மழை மிகுதி, ஆகவே அங்கே மழைக்கு இரண்டு பருவம்; வடக்கே இமயத்தின் குளிர் மிகுதி, ஆகவே அங்கே பனிக்கு இரண்டு பருவம். பருவ ஒழுக்கத்தின் வரலாற்றில் மிக முக்கியமான கருத்தாக நான் இதையே கருதுகிறேன். ஓர் ஆற்றைக் கடந்தாலே ஆண்டின் பிரிவு மாற வேண்டும் என்றால், விந்தியத்தையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கடந்த பிறகு எவ்வளவு மாற வேண்டும்?

ஏறத்தாழ கி.பி. 600-ஐ ஒட்டி வாழ்ந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இதைச் செயலில் காட்டுகிறது. கோடையில் வாதம் சேர்ந்து மழையில் சீறிச் சரத்தில் அடங்கும். மழையில் பித்தம் சேர்ந்து சரத்தில் சீறும். பனியில் கபம் சேர்ந்து வசந்தத்தில் சீறும். சீறுவதற்கு முன்போ சீறும்போதோ அதை வெளியேற்றிவிட்டால் நோய் வராது. இதற்குச் சரகம் குறிக்கும் மாதங்கள் சைத்திரம், சிராவணம், மார்க்கசீர்ஷம். வாக்படரோ மார்க்கசீர்ஷத்தை விட்டுவிட்டு ஒரு மாதம் முந்திய கார்த்திகத்தை எடுக்கிறார். மாதக் கணக்கை ஒப்பிட்டால் காரணம் புலப்படும்: மார்க்கசீர்ஷம் ஒரு வகைக் கணக்கில் மட்டுமே சரத்காலம், கார்த்திகமோ இரண்டு வகையிலும் சரத்காலத்துக்குள் விழுகிறது. எந்த நிலத்து வைத்தியன் எடுத்தாலும் பிழைபடாத மாதத்தை அவர் தேர்ந்திருக்கிறார் என்று கொள்ள இடமுண்டு.

ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் சேர்ந்த ருதுசந்தியில் பழைய வழக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டு, புதியதைச் சிறிது சிறிதாகப் பற்ற வேண்டும் என்ற நெறியையும் அந்நூல் தெளிவாக வகுத்தது. திடீர் மாற்றமே நோய் தரும் என்பது அதன் அடிப்படை. மழைக்காலத்துக்கு வாக்படர் சொல்லும் வாழ்க்கையும் நுணுக்கமானது: ஈர ஆவியும் சாரலும் எட்டாத மேல்மாடியில் தங்கு, வெறுங்காலோடு நடக்காதே, புகையூட்டிய ஆடையை உடுத்து. சேறும் பூசணமும் நிறைந்த தெருவைக் கண்ணால் கண்ட ஒருவர்தான் இப்படி எழுத முடியும்.

பருவ விதிகள் ஏட்டுக்குள் மட்டும் இருந்ததில்லை என்பதற்கு பவர் கையெழுத்துப் படி சான்று. 1890-இல் நடு ஆசியாவின் கூச்சா நகரில் ஹாமில்டன் பவர் என்ற ஆங்கில அதிகாரி கைக்கு வந்த இந்தப் பூர்ச்ச மரப்பட்டைச் சுவடிகளின் மருத்துவப் பகுதி பூண்டின் புகழோடு தொடங்குகிறது. பனிக்காலத்தை ஒட்டி வீட்டு வாசலிலும் மாடியிலும் பூண்டுச் சரங்களைத் தொங்கவிட்டு, வீட்டார் பூண்டு மாலை அணிந்து கொண்டாடும் விழா ஒன்றை அது விவரிக்கிறது. குளிர்காலத்து மருந்து அங்கே ஊர்த் திருவிழாவாகவே இருந்திருக்கிறது.

கர்க்கடகம் சிகிச்சை மாதமான கதை

அஷ்டாங்க ஹிருதயத்தைத் தென்னாட்டில் தம் உயிர்மூச்சாக்கிக்கொண்டவர்கள் கேரளத்து அஷ்டவைத்தியர்கள். மரபு அவர்களைப் பதினெட்டு குடும்பங்கள் என்று சொல்லும். வைத்தியமடம், புலாமந்தோள், திருச்சூர் தைக்காட்டு, ஒளசா சிரட்டமண் போன்ற இல்லங்களில் அந்நூலை முழுதும் மனப்பாடம் செய்வதே கல்வியின் வாசலாக இருந்தது. நூல் குறிக்கும் சிராவணம் அவர்களுடைய நாட்டில் பெரும்பாலும் கர்க்கடகத்தின்மீதே விழுகிறது. வாதம் சீறும் மழை, மங்கிய பசி, வயலில் வேலையில்லாத நாள்கள், களஞ்சியம் காலியான பஞ்சம் எல்லாம் சேர்ந்த மாதம் அது. ஓய்வும் சிகிச்சையும் அங்கே இயல்பாகக் கூடிவந்தன. எண்ணெய் ஊற்றிப் பிழிதல், தாரை, நவரைக் கிழி ஆகியவை கேரள வைத்தியத்தின் முகமாயின. களரிப் பயிற்சியாளர்கள் எண்ணெய் தேய்த்து உடலை நீவும் உழிச்சலுக்கு இந்த மாதத்தையே தேர்ந்தார்கள். திருச்சூர் வடக்குந்நாதன் கோயிலில் கர்க்கடகம் முதல் நாள் ஆனையூட்டு நடக்கிறது. யானைகளுக்கும் இம்மாதத்தில் சுகசிகிச்சை உண்டு.

இம்மாதத்தில் குடிக்கும் கர்க்கடகக் கஞ்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அறுபது நாளில் விளையும் நவரை அரிசியோடு வெந்தயம், சீரகம், ஆளிவிதை முதலியவற்றைச் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுகிறார்கள். அறுபது நாள் நெல்லைச் சஷ்டிகம் என்று சரகம் உயர்வாகப் பேசுகிறது. அது தமிழகத்து அறுபதாம் குறுவையின் இனம். பசித்தீ மங்கிய காலத்துக்கு எளிதில் செரிக்கும் அரிசியும், தீயைக் கிளறும் விதைகளும் என்று நூலின் விதியே சோற்றுப்பானையில் இறங்கியிருக்கிறது. பஞ்சத்தில் கிடைத்த பத்து வகைக் கீரையைச் சேர்த்துச் சமைக்கும் வழக்கத்தில் நூலைவிட வறுமையின் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

பி.எஸ். வாரியர் 1902-இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியபோது குடும்பத்துக்குள் இருந்த இந்த அறிவு ஆயத்த மருந்தாகவும் மருத்துவமனைச் சேவையாகவும் வெளியே வந்தது. பின்னாளில் கேரளச் சுற்றுலாத்துறை மழைக்காலத்தை ஆயுர்வேதத்துக்கு உகந்த பருவம் என்று உலகெங்கும் விளம்பரம் செய்தது. பட்டறையாளனும் உழவனும் பட்டினியோடு கழித்த மாதம் பொதித்தாளில் அடைத்த கஞ்சிப் பொடியாக மாறி, மழையே பெய்யாத ஊர்க் கடைகளிலும் ஜூலையில் விற்பனைக்கு நிற்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஞாயிறு தெற்கே திரும்பும் நாள் உண்மையில் ஜூன் 21-ஐ ஒட்டி வருகிறது. பஞ்சாங்கப்படி தட்சிணாயனமும் கர்க்கடகமும் ஜூலை நடுவில்தான் தொடங்குகின்றன. புவி அச்சின் மெல்லிய சுழற்சியால் இந்த இடைவெளி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் வளர்ந்தது; வாக்படர் காலத்தில் அது சில நாள்களே. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்திலேயே இறங்கிவிடுகிறது. ஆக, மாதப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் வானத்தைவிட்டு விலகிக்கொண்டே போவோம்.

கிழக்குக் கரையில்

தமிழில் ஆறு பெரும்பொழுதுகள் தொல்காப்பியத்திலிருந்தே தெரிந்தவை. உரைமரபு ஆவணியில் தொடங்கிக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாகக் கணக்கிடுகிறது. வடநூலின் வர்ஷம் ஆடி, ஆவணி என்றால் தமிழின் கார் ஒரு மாதம் தள்ளியே தொடங்குகிறது. சித்த மருத்துவம் இந்தப் பொழுதுகளின்மீது வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) ஆகியவற்றைப் பொருத்தியது: வளி முதுவேனிலில் தன்னிலை வளர்ச்சி (சேர்தல்), காரில் வேற்றுநிலை வளர்ச்சி (சீறுதல்), கூதிரில் தன்னிலை அடைதல் (அடங்குதல்). அமைப்பு வாக்படருடையதே, மாதங்கள் மட்டும் தெற்கத்தியவை.

தேரையர் பெயரால் வழங்கும் பிணி அணுகா விதி வேறொரு வழியைக் கண்டது. வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேதி நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மூக்கில் மருந்து விடும் நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை என்று அது இடைவெளியை மட்டும் சொல்கிறது. மாதப் பெயர் இல்லை. மழை எப்போது வரும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் நாட்டில் இது மிகவும் அறிவார்ந்த தீர்வு. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் சாரல். நாகப்பட்டினத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழையே தருகிறது.

நூல் செய்த திருத்தத்தைவிட அடுக்களை செய்த திருத்தம் துல்லியமானது. மழைக்காலத்தில் தயிர்த் தெளிவில் பஞ்சகோலப் பொடி தூவிக் குடிக்கச் சொல்கிறார் வாக்படர். பஞ்சகோலம் என்பது திப்பிலி, கண்டந்திப்பிலி, செவ்வியம், கொடிவேலி வேர், சுக்கு. தீபாவளி லேகியத்தைக் கிளறும் வீட்டில் அடுப்பருகே இருப்பவை எவை? சுக்கு அல்லது இஞ்சி, திப்பிலி, கண்டந்திப்பிலி, மிளகு, ஓமம், வெல்லம், நெய், நல்லெண்ணெய். ஐந்தில் மூன்று அப்படியே இருக்கின்றன. வாக்படர் ஆடி, ஆவணிக்கு எழுதிய பசித்தீ மருந்து, கிழக்குக் கரையின் மழை வரும் ஐப்பசியில் வந்து அமர்ந்திருக்கிறது. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் குவியும் நாள், வானம் மூடிப் பசி மந்தமாகும் வாரம், எண்ணெய் முழுக்கு எல்லாம் ஒரே காலையில் கூடுகின்றன. கேரளம் அதே விதியைக் கர்க்கடகக் கஞ்சியில் வைத்தது. தமிழ்நாடு தீபாவளி மருந்தில் வைத்தது. இரண்டும் மழையைப் பார்த்தே வைக்கப்பட்டவை.

எனவே கர்க்கடகச் சிகிச்சையைச் சென்னையிலோ தஞ்சையிலோ ஆடியில் அப்படியே செய்துகொள்வது பயனற்றது என்பதே என் தீர்ப்பு. அங்கே அப்போது இருப்பது கோடையின் நீட்சி. கோடைக்குரிய குளிர்ச்சியும் நீர்ச்சத்தும் உள்ள உணவே பொருத்தம். பேதியும் வாந்தியும் குருதி வடித்தலும் வீட்டில் தாமே செய்துகொள்ளக் கூடியவை அல்ல. முதியோருக்கும் கருவுற்றோருக்கும் சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளுக்கும் அவை உயிருக்கே ஆபத்தாகலாம். பருவ ஒழுக்கத்தில் யாரும் இன்றே கைக்கொள்ளக்கூடிய பகுதி எளியது: மழையில் காய்ச்சிய நீர், பசித்தபின் மட்டும் உணவு, உலர்ந்த உடை, பருவம் மாறும் இரண்டு வாரத்தில் படிப்படியான மாற்றம்.

செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்று மீதமிருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஆயுர்வேதக் கல்லூரிகளும் வானிலைத் துறையின் மாவட்டவாரி மழைக்கணக்கை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு மாதத்திலும் தம் புறநோயாளிப் பதிவேட்டில் காணும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இரைப்பு, மூட்டுவலி ஆகியவற்றை அந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கட்டும். குமரிக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று எனத் தனித்தனிப் பருவ ஒழுக்கத்தை எழுதி, மருத்துவர்களின் கைக்குத் தரட்டும்.