கல்லறை இல்லாத கதைசொல்லி



 1944 செப்டம்பர் 13இல் ஜேர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் 30 வயதுப் பெண்ணொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர் நூர் இனாயத் கான். நம் பெரியமடுப் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

வாப்பா பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைக் கலைஞர், திப்பு சுல்தானின் வழித்தோன்றல். உம்மா அமெரிக்கர். 1914இல் மொஸ்கோவில் பிறந்த நூர், பாரிஸுக்கு அருகே வளர்ந்தார். பாரிஸ் வானொலிக்குச் சிறுவர் கதைகள் எழுதினார். 1939இல் லண்டனில் அவரது நூல் வெளிவந்தது: புத்தரின் ஜாதகக் கதைகள் இருபது. ஆம், ஒரு முஸ்லிம் பெண் எழுதிய பௌத்தக் கதைகள். அதில் ஒன்று குரங்கரசனின் கதை. வில்லாளர்கள் சூழ்ந்தபோது அவன் தன் உடலையே பாலமாக்குகிறான். கூட்டம் அவன் முதுகின் மேல் நடந்து தப்புகிறது. அவன் இறந்துபோகிறான்.

1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கியதும் நூரின் குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. உள்ளதை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போவது எப்படி என்று, 1990 ஒக்டோபரைக் கண்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூர் அங்கே பத்திரமாக இருந்திருக்கலாம். ஆனால் பிரித்தானிய விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். இந்திய விடுதலையை ஆதரிப்பதாக அதிகாரிகளின் முகத்துக்கு நேரேயே சொன்னவர் அவர். 1943 ஜூனில் இரகசிய ரேடியோச் செய்தி அனுப்பும் பணிக்காக பிரான்ஸில் இறக்கப்பட்டார். அந்த வேலைக்கு அங்கு அனுப்பப்பட்ட முதல் பெண் அவர்தான். சில நாட்களிலேயே கூட்டாளிகள் பலர் பிடிபட்டார்கள். திரும்பி வரும்படி லண்டன் சொன்னது. தான் போனால் செய்தி அனுப்ப ஆளில்லை என்று அவர் மறுத்துவிட்டார். வீடு மாறி, முடியின் நிறம் மாற்றி, ஒக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். பிறகு ஒருவர் காட்டிக்கொடுத்தார்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுப்பிய செய்திகளை அவர் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதை வைத்து ஜேர்மனியர் அவர் பெயரில் பொய்ச் செய்தி அனுப்பினார்கள். அதை நம்பி வந்த வேறு உளவாளிகளும் மாட்டிக்கொண்டார்கள். வீரர்களும் தவறுவார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ஆனால் விசாரணையில் நூர் வாய் திறக்கவில்லை. இருமுறை தப்ப முயன்றார். பத்து மாதம் சங்கிலியில் கிடந்தார்.

உடலை எரித்துவிட்டார்கள். கல்லறை இல்லை. 1949இல் ஜோர்ஜ் கிராஸ் விருது, 2012இல் லண்டனில் ஒரு சிலை.

எத்தனை தரப்புகள் இருந்தாலும், நம் நாட்டில் ஒவ்வொருவரும் தம் பக்கத்து மரணங்களை மட்டுமே நினைக்கிறோம். நூர் மாற்றாரின் கதையைத் தன் கதையாகச் சொன்னவர். தன் நாடல்லாத நாட்டு மக்களின் விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்.

இன்றிரவு பிள்ளைகளுக்கு அந்தக் குரங்கரசனின் கதையைச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று கேட்டால், நூரின் பெயரையும் சொல்லுங்கள்.