கரண்ட் கம்பி ஒன்றுதான், கணக்கைக் கேட்பது யார்?

 

கரண்ட் பில் வந்த வாரமெல்லாம் என் போனுக்கு ஓய்வே கிடையாது. மதினி ஒரு பக்கம் புலம்புகிறாள், தென்காசியில் கடை வைத்திருக்கிற மாணவன் இன்னொரு பக்கம். அதில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. "டீச்சர், ஒரு சிம் கார்டு பிடிக்கலேன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கிடுதோம். கரண்டுக்கு மட்டும் ஏன் ஒரே ஈ.பி.? நாலு கம்பெனி வந்தா தானா விலை குறைஞ்சிராதா?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நெளிந்த மாதிரி இங்கேயும் நெளிய வேண்டாம்!

இதே கேள்வியை 130 வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் சிகாகோ நகரம் சோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே அப்போது பல சின்னச் சின்ன மின்சாரக் கம்பெனிகள் இருந்தன. எடிசனிடம் செயலாளராக வேலை பார்த்த சாமுவேல் இன்சல் என்பவர் 1892-ல் அங்கே போய் ஒரு கம்பெனிக்குத் தலைவரானார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரே தெருவில் இரண்டு கம்பெனி கம்பம் நட்டால் செலவு இரண்டு மடங்கு, வாடிக்கையாளர் ஆளுக்குப் பாதி. இன்னொன்று, கரண்டை அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. வீடுகள் சாயங்காலம் விளக்குப் போடும், பகலில் எந்திரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் டிராம் வண்டிக்கும் ஆலைக்கும் விற்றால் அதே எந்திரம் நாள் முழுக்க ஓடும், யூனிட் விலை இறங்கும். இப்படிச் சொல்லி ஊரில் இருந்த கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிப்போட்டார். விலையையும் உண்மையிலேயே குறைத்தார்.

பிறகு 1898-ல் அவர் கேட்டதுதான் வேடிக்கை. "எங்களை ஏகபோகமாக விடுங்கள். அதற்குப் பதிலாக, எங்கள் விலையை அரசாங்கமே ஒரு அமைப்பு வைத்து நிர்ணயிக்கட்டும்" என்றார். தன்னைக் கட்டிப்போடச் சொல்லி ஒரு முதலாளியே கயிறு எடுத்துக் கொடுக்கிறார் என்றால் சும்மாவா? நகராட்சிகளே மின்சாரத்தை எடுத்து நடத்திவிடுமோ என்ற பயம் அவருக்கு. 1907-ல் விஸ்கான்சின், நியூயார்க் மாநிலங்கள் அப்படிப்பட்ட ஆணையங்களை அமைத்தன. பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. இன்றைக்கு நம் ஊரில் இருக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இதுதான் பூர்வீகம்.

இன்சல் கதை நல்லபடியாக முடியவில்லை. கம்பெனிக்கு மேல் கம்பெனி, அதற்கு மேல் இன்னொரு கம்பெனி என்று பங்குகளை அடுக்கினார். ஆணையத்தின் கண் கீழே இருக்கிற கம்பெனியில்தான் பட்டது, மேலே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. 1932-ல் எல்லாம் சரிந்தது. அவர் கிரீஸ் நாட்டுக்கு ஓடினார், பிடித்து வந்து விசாரித்தார்கள், 1934-ல் விடுதலை ஆனார். ஆனால் பணம் போட்ட சாதாரண ஜனங்கள் போட்டதை இழந்தார்கள். 1935-ல் அந்த மாதிரி அடுக்குக் கம்பெனிகளைக் கலைக்க அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது.

இனி நம் பக்கம் வருவோம். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. வீடுகளுக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் கொடுத்தது மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற ஆங்கிலேயர் கம்பெனி. பேசின் பிரிட்ஜில் அதற்கு மின் நிலையம். 1910 சட்டப்படி ஒரு ஊருக்கு லைசென்ஸ் வாங்கிய கம்பெனிதான் அந்த ஊருக்கு ராஜா. திருச்சி, மதுரை, கும்பகோணம், எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லாம் தனியார் கம்பெனிகள். லாபம் கிடைக்கிற டவுன் தெருக்களோடு கம்பி நின்றுவிடும். கிராமத்துக்கு எந்தக் கம்பெனி இழுப்பான்?

மலையில் அணை கட்டி மின்சாரம் எடுப்பது பெரிய முதலீடு. அதை அரசாங்கமே செய்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் எங்கள் பாபநாசம். பைக்காரா கரண்ட் கீழே இறங்கியதும் கோயம்புத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்தது. இப்படி உற்பத்தி அரசாங்கம், டவுனில் விநியோகம் கம்பெனி என்று கொஞ்ச காலம் இரண்டும் கலந்து ஓடியது.

1947-ல் சென்னைக் கம்பெனியை மாகாண அரசு வாங்கியது. மற்ற ஊர்க் கம்பெனிகளை எடுத்துக்கொள்ள 1949-ல் சட்டம் போட்டார்கள். ராஜமுந்திரி கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அந்தச் சட்டம் இயற்ற மாகாணத்துக்கு அதிகாரமே இல்லை என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் சென்னை சட்டசபை புதுச் சட்டம் கொண்டு வந்தது. விடவில்லை பாருங்கள்! 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் பிறந்தது. நாம் இன்றும் ஈ.பி. என்று கூப்பிடுவது அதைத்தான். பெயர் பல தடவை மாறிவிட்டது, நம் வாயில் அது மாறவில்லை.

எங்கள் தெருவுக்குக் கம்பம் வந்தபோது எனக்கு ஏழு வயது. அதுவரை அரிக்கேன் விளக்கில் படித்த அக்காமார், அன்று ராத்திரி பல்பு வெளிச்சத்தில் தாயம் விளையாடினார்கள். படிக்கவில்லை. அந்தக் கம்பத்தை எந்தத் தனியார் கம்பெனியும் நட்டிருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்தது மொத்தம் ஒன்பது வீடு. ஏகபோகம் என்றாலே கெட்டது என்று பேசும்போது இந்த ஒன்பது வீட்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாரியம் வந்தபிறகு விலையை யார் தீர்மானிப்பது? சட்டத்தில் வாரியம், நடப்பில் அரசு. ஏற்றினால் கேட்பதற்கு ஒரு மேஜை கிடையாது. அப்போது மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். 1970-ல் விவசாய மின்சாரம் யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. கோவை நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் குறைந்தது 1 பைசா. ஒரே ஒரு பைசா! 1972-ல் மறுபடி உயர்வு, மறுபடி போராட்டம். மாட்டு வண்டிகளை ஆயிரக்கணக்கில் கோவை நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி ஊரையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்ட் இலவசம் ஆனது. இந்த இலவசம் யாரோ மேலே இருந்து போட்ட பிச்சை என்று நினைப்பவர்கள் பெருமாநல்லூர் பெயரையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குப் பிறகு ஆட்சியில் யார் இருந்தாலும் கட்டண உயர்வு என்றால் கைநடுங்கியது. நியாயம்தான். ஆனால் நிலக்கரி விலையும் வட்டியும் அதற்காகக் காத்திருக்குமா?

1990-களில் தனியாரை மறுபடி கூப்பிட்டார்கள். மகாராஷ்டிராவில் என்ரான் கம்பெனி தபோலில் கட்டிய நிலையம் 1999-ல் ஓடத் தொடங்கியது. அந்த மாநில வாரியம் கரண்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும் என்று ஒப்பந்தம். கட்ட முடியாமல் 2001-ல் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதே வருடக் கடைசியில் என்ரானே திவால். நம் மாநிலத்திலும் எண்ணெயில் ஓடும் தனியார் நிலையங்கள் வந்தன. அதில் ஒன்று எங்கே தெரியுமா? அதே பேசின் பிரிட்ஜில்! அரசு வாங்கி ஐம்பது வருடம் கழித்துத் தனியார் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

இப்போது தம்பியின் சிம் கார்டு கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் அதைச் செய்து பார்த்த ஊர் மும்பை. அங்கே புறநகரில் ரிலையன்ஸ் கம்பி இருந்த வீடுகளுக்கு டாடாவும் விற்கலாம் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-லிருந்து அதே கம்பி, அதே கம்பம், ஆனால் பில் மட்டும் டாடா என்று லட்சக்கணக்கான பேர் மாறினார்கள். ஆரம்பத்தில் குறைந்தது. ஆனால் நல்ல வாடிக்கையாளர்கள் போய்விட்டால் மீதி ஏழை வீடுகளின் செலவை யார் சுமப்பது? அதனால் மாறியவர்கள் மேல் கூடுதல் கட்டணம் போட்டது அங்குள்ள ஆணையம். இன்றும் மும்பை வீட்டுக் கட்டணம் நம்முடையதைவிட அதிகம்தான். அந்தேரியில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் பில்லை அனுப்பச் சொல்லிப் பாருங்கள், பிறகு ஈ.பி.யைத் திட்டலாம்.

ஆக, கம்பெனி நான்கானாலும் கம்பி ஒன்றுதான். அந்தக் கம்பிக்காரர் கணக்கை யார் முன்னால் வைக்கிறார், கேள்வி கேட்க யார் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் நம் பில் இருக்கிறது.

நம் மாநிலத்தில் அதற்கென்று 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. கட்டணத்தை மாற்ற வேண்டுமானால் ஈ.பி. அங்கே மனுப் போட வேண்டும். வரவு செலவைக் காட்ட வேண்டும். பொதுமக்கள் ஆட்சேபணை எழுதலாம், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். வக்கீல் தேவையில்லை. மாட்டு வண்டி ஓட்டிப் போன காலத்தில் இல்லாத வசதி இது.

வசதி வந்தது, பழக்கம் வரவில்லை. முதல் கட்டண உத்தரவு 2003 மார்ச்சில். அடுத்தது 2010-ல்! ஏழு வருடம் மனுவே உருப்படியாக வரவில்லை. கடன் ஏறியது. 2012-ல் ஒரே அடியாக உயர்வு, அதோடு மணிக்கணக்கில் மின்வெட்டும். 2014 டிசம்பரில் ஒரு உயர்வு. அதன்பின் வீடுகளுக்கு எட்டு வருடம் அசையவில்லை. 2016-லிருந்து 100 யூனிட் இலவசம் வேறு. கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 செப்டம்பர் 10-ல் வந்த உயர்வு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

நான் கணக்கு டீச்சர், அதனால் ஒரு கணக்கு. 2022-க்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,130 ரூபாய். 501 ஓடினால்? 1,786 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு! அந்த ஒரு யூனிட் ஏறியதும் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும், அதனால்தான். ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தால் போதும், 500-ஐத் தாண்டிவிடும். கொரோனா ஊரடங்கில் ரீடிங் எடுக்காமல் விட்டபோது எழுந்த கூச்சல் இதனால்தான். மாதாமாதம் கணக்கெடுப்பு என்ற கோரிக்கை தேர்தல் வாக்குறுதி வரை போனதும் இதனால்தான்.

2022 ஆகஸ்ட்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மதுரைக் கூட்டத்துக்கு பஸ் ஏறிப் போனேன். இந்த 500, 501 கணக்கைத்தான் சொன்னேன். பேசியவர்களில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் அதிகம். அவர்கள் தாள் தாளாக எழுதிக் கொண்டு வந்திருந்தார்கள். வீட்டுக் கரண்ட் பற்றிப் பேச வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பெண்கள் அதிலும் குறைவு. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மிஷின் எல்லாவற்றையும் ஓட்டுகிறவர்கள் யார் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

புதுக் கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 ரூபாய். பள்ளம் 233 ரூபாயாகச் சுருங்கியது. நான் பேசியதால் அல்ல. மனுவிலேயே அப்படித்தான் இருந்தது! மொத்தத் தொகை ஏறியதால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அந்த உத்தரவில் இன்னொரு வரி உண்டு. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவு கட்டணம் தானாக ஏறும். 2023-ல் வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டது. 2024-ல் 4.83 சதவீதம் நம் தலையில் வந்தது. 2025-ல் 3.16 சதவீதம், வீடுகளுக்கு மறுபடி விலக்கு. எட்டு வருடம் பூட்டி வைத்து ஒரே நாளில் ஏற்றுவதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் தானாக ஏறும்போது கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. ஏற்றுக்கொண்டோம் என்று அரசு சொன்னாலும் ஈ.பி.க்கு அந்தப் பணம் நம் வரியிலிருந்துதான் போகிறது.

அந்த ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த மனு வந்தாக வேண்டும். பல நூறு பக்கம் இருக்கும், ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். எங்கள் பள்ளியில் படித்தவர்களில் ஆடிட்டர் மூன்று பேர், ஈ.பி.யிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வக்கீல் இரண்டு பேர் இருப்பதாக எனக்குத் தெரிந்த கணக்கு. மனு வந்ததும் ஆளுக்கு ஐம்பது பக்கம் பிரித்துக்கொள்ளலாம். நிலக்கரி வாங்கிய செலவும் கடன் வட்டியும் இருக்கிற பக்கங்களை எனக்கு ஒதுக்குங்கள். மதுரைக் கூட்டத்துக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வேன் பிடித்தால் போதும். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். மதினி, உங்கள் பெயரை முதலாவதாக எழுதிவிட்டேன்.